கரடி திருப்பிய வைஸ்

என் கணவர் இரண்டு வருடம் வைஸாக வேலை பார்த்தார். வைஸ் என்றால், பட்டறை மேசையில் பூட்டி வைத்திருப்பார்களே, அந்த இரும்பு. இரண்டு தாடை, நடுவே ஒரு திருகு, அதைச் சுற்ற ஒரு கம்பி. எதைக் கொடுத்தாலும் கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும். வாய் இருந்தாலும் பேசாது. கவ்வுகிற வேலை அவருக்கு ஓரளவு வந்தது, பேசாமல் இருப்பதுதான் வரவில்லை.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் கத்தரிகளுக்குச் சாணை பிடித்துக் கொடுப்பவள் நான். கையால் இலை கிள்ளிய காலம் போய், பை மாட்டிய நீளக் கத்தரியால் வெட்டும் காலம் வந்தபோது எஸ்டேட்டில் பறிக்கிற வேலையில் இருந்தேன். கத்தரி கொஞ்ச நாளில் மொக்கையாகிவிடும். மொக்கைக் கத்தரி இலையை வெட்டாது, மென்று துப்பும். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓர் அரம் வாங்கி முதலில் என் கத்தரியைத் தீட்டினேன். பிறகு பக்கத்துத் தேயிலை நிரையில் பறிக்கிறவள் கொடுத்தாள், அப்புறம் அவள் கொழுந்தி. கடைசியில் எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் இதையே தொழிலாகப் பிடித்துக்கொண்டேன். சுற்றுவட்டாரத்தில் என் கத்தரி என்றால் ஒரு பேர் உண்டு, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஓர் ஆடி மழையில் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, பிடிமானம் மட்டும் திரும்பி வரவில்லை. டீ டம்ளரைப் பிடிக்கலாம், தேங்காயைப் பிடிக்க முடியாது. கத்தரி தீட்டுவது என்றால் ஒரு கை அலகை இறுக்கிப் பிடிக்க, மறு கை அரத்தை ஓட்ட வேண்டும். எனக்கோ அரம் போகிற பக்கமே கத்தரியும் கிளம்பிப் போனது.

அப்போதுதான் என் கணவர், “நான் புடிக்கறேன், நீ ராவு” என்று எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மலைப்பாதையில் காலமெல்லாம் ஸ்டியரிங் பிடித்த கைகள், பிடி உடும்புப் பிடி. ஆனால் அந்தக் கைகளில் எதைக் கொடுத்தாலும் அது ஸ்டியரிங் ஆகிவிடும். கதை சொல்லாமல் அவரால் உட்கார முடியாது. கதையில் வளைவு வந்தால் கையும் வளையும்.

“அன்னிக்குப் பாரு, பனின்னா அப்படியொரு பனி. ஹெட்லைட்டு ஒண்ணு எரியல. இன்னொண்ணு எரிஞ்சும் பிரயோசனமில்ல. கண்டக்டரு தோள்ல வெள்ளத்துண்டு. ‘எறங்கி முன்னால நடடா’ன்னு சொல்லிப்போட்டு, அந்த வெள்ளையவே பாத்துட்டு வண்டிய உருட்டறேன். மூணாவது கொண்டையூசில ஒடிச்சேன் பாரு...”

ஒடித்தும் விடுவார், என் கத்தரியை. அரம் வழுக்கி என் விரலில் ஏறும். “கதைய நிறுத்துங்க!” என்று கத்துவேன். அவர் வாயை மூடிக்கொள்வார். மறுநாள் மறுபடியும் பனி இறங்கும், கண்டக்டர் இறங்கி நடப்பார், மூன்றாவது வளைவில் நான் கத்துவேன். அந்தப் பஸ் இரண்டு வருடமாக அந்த வளைவைத் தாண்டவே இல்லை.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தாலும் என் வெட்டுவாய்கள் கோணலாகிக்கொண்டே வந்தன. “அக்கா, முன்னயாட்டம் இல்லீங்க” என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் நல்லவர்கள். சொல்லாதவர்கள் கடைவீதியில் மெஷின் கல் வைத்திருப்பவரிடம் போனார்கள். ஷெட்டுக்கு வரும் கத்தரிகள் குறைந்தன. கை போனது போகட்டும், அதோடு பேரும் போய்விடுமோ என்று எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது.

கடைவீதியில் புதிதாக ஒரு வைஸ் வாங்கினேன். நீலப் பெயின்ட் அடித்து அழகாக இருந்தது. ஒற்றைக் கையால் சுற்றுகிற கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றிவிட்டேன் போலிருக்கிறது, தாடை ஊட்டி வர்க்கி மாதிரி விண்டுபோனது. என் கணவர் இரண்டு துண்டையும் எடுத்துப் பார்த்தார். “நல்லவேள, என்னைய இந்த மாதிரி திருகாம உட்டயே” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் நாங்கள் இலை போட்டுக்கொண்டிருந்த தேயிலை ஃபாக்டரி மூடப்போவதாகவும், பழைய சாமான்களை எடைக்குப் போடுவதாகவும் செய்தி வந்தது. வீட்டைச் சுற்றி எங்களுக்கும் கொஞ்சம் தேயிலை உண்டு. இலை வண்டியிலேயே தொற்றிக்கொண்டு இருவரும் போனோம். நல்ல மழை. வெள்ளை உரச்சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் மடித்துச் செருகி, கொங்காடையாகத் தலையில் போட்டிருந்தேன். பறிக்கப் போன நாளிலிருந்து மழைக்கு எனக்கு அதுதான்.

“ஊட்டுல மூணு கொடை கெடக்குது. இந்தச் சாக்கப் போட்டுட்டு நாலு பேரு மத்தீல வர்ற” என்று அவர் முணுமுணுத்தார்.

“கொடைய ஒரு கையில புடிச்சா வைஸ எந்தக் கையில தூக்கறதுங்க?” என்றேன்.

அந்த வைஸைக் கையில் தூக்குவதாவது. ஃபாக்டரி வொர்க்‌ஷாப் வாசலில், கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில், ஒரு கன்றுக்குட்டி படுத்திருப்பதைப் போலக் கிடந்தது. மேலே பச்சைப் பெயின்ட், அதற்கும் மேலே துரு. தாடைகள் இரண்டு விரல் அளவு திறந்த நிலையில் இறுகிப்போயிருந்தன. யாரோ பேச வந்து பாதியில் நிறுத்திய வாய். வந்தவர்கள் ஒவ்வொருவரும் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். எனக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இது விண்டுபோகாது.

எடை போட அங்கே இருந்தது இலைத் தராசு ஒன்றுதான். எங்கள் இலையை இத்தனை வருடம் நிறுத்த அதே ஆள், அதே கொக்கியில் வைஸைக் கயிறு கட்டி மாட்டினார். முள் நின்றது. அவர் எடையைச் சொல்ல வாயெடுத்தார். என் கணவர் ஓர் அடி முன்னால் போனார்.

“மழை பேயுதுங்களா?”

“பேயுதுங்க.”

“வைஸு நனைஞ்சிருக்குதுங்களா?”

“நனைஞ்சிருக்குதுங்க.”

“அப்பத் தண்ணிக்குக் கழிங்க.”

மழை நாளில் இலை கொண்டுபோனால், நனைந்திருக்கிறது என்று எடையில் ஒரு பங்கைக் கழிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை எத்தனை வருடமாக என் கணவர் மனதில் வைத்திருந்தாரோ தெரியாது.

“ஏனுங்க, இரும்புக்குள்ள எங்கீங்க தண்ணி போகும்?” என்றார் நிறுப்பவர்.

“காயற எலைய நான் கொண்டாந்தப்போ, காலைல பனி பேஞ்சுதுன்னு கழிச்சீங்களே, அது எங்கீங்க போச்சு?”

எங்களுக்குப் பின்னால் சாமான் வாங்க நின்றிருந்தவர்களும் இலைக்காரர்கள்தான். “கேக்கறது ஞாயந்தானுங்க” என்று ஒரு குரல் வந்தது. உடனே எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நிறுப்பவர் தோள்துண்டை எடுத்து வைஸைத் துடைத்தார். “எலையத் தொடச்சா எடை போட்டீங்க?” என்று இன்னொருவர் கேட்டார். மேனேஜர் வந்தார். இரும்பு தண்ணீர் குடிக்குமா குடிக்காதா என்று அவர் தலைமையில் விவாதம் நடந்தது. துருப்பிடித்திருப்பதே தண்ணீர் குடித்ததற்குச் சாட்சி என்று என் கணவர் சொன்னதும் மேனேஜர் நெற்றியைத் தடவிக்கொண்டு, “கழிச்சு உடுங்க” என்றார். நிறுப்பவர் கழித்தார். பழக்க தோஷத்தில் இல்லாத சாக்குக்கும் சேர்த்துக் கழித்தார்.

“முத்தலுக்கு?” என்றார் என் கணவர். இலை முற்றியிருந்தால் அதற்கும் ஒரு கழிவு உண்டு. “இது எவ்வளவு முத்திப்போச்சுன்னு நீங்களே பாருங்க.”

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். நிறுப்பவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, முத்தலுக்கும் கழித்தார். மழையில் நனைந்துகொண்டு நின்ற என் கணவரின் முகத்தை நான் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தன்று அந்த முகத்தில் இவ்வளவு திருப்தி இருந்ததில்லை.

எங்கள் வீடு ரோட்டிலிருந்து கீழே. படி இறங்கித்தான் போக வேண்டும். நாலு பேர் மூங்கிலில் வைஸைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எதிரே ஏறி வந்த பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்று கும்பிட்டார். சாமி என்று நினைத்தாரா, சவம் என்று நினைத்தாரா, தெரியவில்லை. தூக்கியவர்களும் மரியாதைக்குக் கொஞ்சம் நின்றுவிட்டு நடந்தார்கள்.

ஷெட்டில் இறக்கியதும் வயர் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நான் ஆரம்பித்தேன். பச்சைக்குக் கீழே சாம்பல், சாம்பலுக்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே இன்னொரு பச்சை. தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் என் கணவர் எதிரே உட்கார்ந்து இரண்டு கையாலும் வைஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இதை எதுக்குங்க புடிக்கறீங்க? நாலு பேரு தூக்கியாந்தது. எங்க ஓடிப்போகும்?”

“இருக்கட்டும்” என்றார். கையை எடுக்கவில்லை.

பெயின்ட் போயிற்று, துரு போயிற்று, திருகு மட்டும் அசையவில்லை. கம்பிக்கு மேல் ஒரு நீளப் பைப்பைச் செருகினோம். நான் தொங்கினேன். அவர் தொங்கினார். பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரரும் அவரும் சேர்ந்து ஈரத் துணி காயப் போட்டதைப் போலத் தொங்கினார்கள். டீசலை ஊற்றி ஊறவைத்துவிட்டு மறுபடியும் தொங்கினார்கள். வைஸ் வாயைத் திறக்கவில்லை. இதற்குள் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்திருந்தது, தேயிலை தளிர்விட ஆரம்பித்துவிட்டது. இந்தச் சமயத்தில்தான் கத்தரிகள் வரும். இந்தத் தடவை கோணலாகத் தீட்டிக் கொடுத்தால் அடுத்த தடவை ஒருவரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சோறு இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். ஷெட்டில் கோயில் வாசனை.

எங்கள் வீட்டு வரிசைக்குப் பொதுவான கோயிலில் விளக்கெரிக்க வைத்திருந்த நல்லெண்ணெயைக் குடிக்கக் கரடி ஒரு தடவை கதவை உடைத்துவிட்டது. அன்றிலிருந்து எண்ணெய் டின் எங்கள் வீட்டில்தான், இரும்பு அலமாரிக்குள், என் கணவர் பொறுப்பில். மலையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், எண்ணெயை வெளியில் வைக்கக் கூடாது. இவர் டின்னைத் திறந்து கரண்டி கரண்டியாகத் திருகில் ஊற்றி, பைப்பின் நுனிவரை தடவி வைத்திருந்தார்.

“தெய்வத்துக்கே ஊத்தறது, இதுக்கு எளகாதா?” என்றார்.

“கரடி வரும்ங்க!”

“நம்ம வரிசைக்குக் கரடி வந்து எத்தன நாளாச்சு. அதெல்லாம் மறந்துபோயிருக்கும்.”

நான் பழைய துணியால் முடிந்தவரை துடைத்தேன். திருகுக்குள் இறங்கியதை எப்படித் துடைப்பது? ஷெட் கதவைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டுப் படுத்தோம்.

விடிகிற நேரத்தில் தகரம் கிழிகிற சத்தம். பின்கதவைத் திறந்தேன். பனிக்குள் ஷெட் கதவு மடங்கித் தொங்கியது. உள்ளே கரடி, வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரரைக் கட்டிக்கொண்டதைப் போல வைஸைக் கட்டிப் பிடித்து, திருகின் ஒவ்வொரு புரியையும் நக்கிக்கொண்டிருந்தது. திருகு முடிந்ததும் கரடி பின்னங்காலில் எழுந்து நின்று, பைப்பைக் கட்டிக்கொண்டு நுனியை நக்க ஆரம்பித்தது. நக்க நக்கத் தன் எடை முழுவதையும் அதன்மேல் சாய்த்தது. கிரீச் என்று ஒரு சத்தம்.

என் தோளுக்குப் பின்னால் என் கணவரின் குரல், கிசுகிசுப்பாக, ரிவர்ஸ் எடுக்கிற வண்டிக்குச் சொல்கிற அதே தாளத்தில்: “ஒடி... ஒடி... இன்னும் ஒடி... அப்படித்தான்...”

நான் தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்தேன். கரடி எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தது. பதறவில்லை. வாயை நக்கிக்கொண்டு, ஷெட்டை விட்டு வெளியே வந்து, தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிப் போயிற்று.

நன்றாக வெளிச்சம் வந்த பிறகு ஷெட்டுக்குள் போனோம். நேற்றுவரை இரண்டு விரல் நுழைந்த தாடைக்குள் இப்போது இரண்டாவது விரல் நுழையவில்லை. கரடி திருப்பியது உண்மை. இறுக்குகிற பக்கமாகத் திருப்பியிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கரடியைத் திட்டினேன், எண்ணெயைத் திட்டினேன், கோயில் கமிட்டியைத் திட்டினேன், பின்னால் நின்று ஒடி ஒடி என்று சொன்னவரைத் தனியாகத் திட்டினேன். திட்டி முடித்து மூச்சு வாங்கியபோதுதான் ஒன்று உறைத்தது. நாங்கள் எல்லோரும் திறக்கிற பக்கமே தொங்கிக்கொண்டிருந்தோம். இறுக்குகிற பக்கம் அசையுமா என்று ஒருவரும் பார்க்கவில்லை. எந்தப் பக்கமானால் என்ன, அசைந்துவிட்டதல்லவா? பைப்பை வலது கையால் பிடித்து, இடுப்பைக் கொடுத்துத் திறக்கிற பக்கம் தள்ளினேன். கொஞ்சம் முரண்டியது. பிறகு கிரீச்சென்று வந்தது. இன்னொரு சுற்றும் வந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். கரடிக்கு நன்றி சொல்வதா அதை இன்னும் திட்டுவதா என்று தெரியாத அழுகை.

பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் செல்போனில் எடுத்திருந்தாள். பகலுக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. முன்பின் தெரியாதவர்கள் படியிறங்கி வந்து, “ஏனுங்க, கரடி ரிப்பேர் பண்ணுன வைஸு இதுதானுங்களா?” என்று கேட்டார்கள். ஒருவர் வைஸோடு படம் எடுத்துக்கொண்டார். என்னோடு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

வேடிக்கை முடிந்ததும் வரிசைக்காரர்களுக்குப் பயம் பிடித்தது. ருசி கண்ட கரடி திரும்பி வராதா? வனத்துறை வாட்ச்சர் வந்தார். வைஸைச் சுற்றி நடந்தார், குனிந்து மோந்து பார்த்தார். “எண்ணெ வாசம் இருக்கற வரைக்கும் வருமுங்க. சுத்தமாக் கழுவிப்போடுங்க” என்றார். வரிசையில் கூடிப் பேசினார்கள். வாசனை போகாவிட்டால் வைஸ் வரிசையை விட்டுப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. போய்விட்டதா இல்லையா என்று பார்க்கிற பொறுப்பு பக்கத்து வீட்டு அக்காவுக்கு. அவள் மூக்கு அப்படி. எங்கள் வீட்டில் கருவாடு ஊறப்போட்டாலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

வாய் திறந்த வைஸைக் கைவிட எனக்கு மனமில்லை. திருகு இளகிவிட்டதால் இப்போது முழுதாகக் கழற்ற முடிந்தது. தாடை வேறு, திருகு வேறு, உடம்பு வேறு. என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். சோப்புப் பவுடர், எலுமிச்சை, சீயக்காய், மறுபடியும் சோப்புப் பவுடர். தேங்காய் நாரால் புரி புரியாகத் தேய்த்தார். வெந்நீர் காய்ச்சி ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஈரம் இருந்தால் துருப்பிடிக்குமே என்று எல்லாவற்றையும் அடுப்படியில் வரிசையாக உட்காரவைத்தோம். சாம்பார் கொதிக்கிற பக்கத்திலேயே திருகு குளிர் காய்ந்தது. அடுப்படிக்குள் நுழைந்தபோதெல்லாம் விருந்தாளிகள் இருக்கிறார்களே என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

அக்கா சாயங்காலந்தோறும் வந்தாள். தாடையை மோந்தாள். “இன்னும் இருக்குது” என்றாள். மறுநாள் சீயக்காய் வாசனைதான் வருகிறது, ஆனால் அடியில் எண்ணெய் இருக்கிறது என்றாள். தேய்க்கத் தேய்க்க அவர் விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கிப்போயின. போதும் என்றேன், கேட்கவில்லை. “நான் ஊத்துனது, நாந்தான் எடுக்கோணும்” என்றார். கடைசியில் எல்லாவற்றையும் பூட்டி, வண்டிக்குப் போடுகிற கறுப்புக் கிரீஸைத் திருகில் தடவினோம். அதைக் கரடி தொடாது என்று வாட்ச்சரிடம் கேட்டுத்தான் தடவினோம். அக்கா வந்தாள். கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள்.

“எண்ணெ இல்ல” என்றாள். “பழைய பஸ் வாசம் அடிக்குது.”

என் கணவர் அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு, அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை சில்வர் ஓக் மேசையில் வைஸைப் போல்ட் போட்டு இறுக்கினோம். வந்து குவிந்திருந்த கத்தரிகளில் ஒன்றை எடுத்தேன். ஓர் அலகைத் தாடைக்குள் வைத்து, கம்பியை ஒற்றைக் கையால் சுற்றினேன். கவ்வியது. அரத்தை வைத்துத் தள்ளினேன். நுனியிலிருந்து அடிவரை ஒரே சீராகப் போயிற்று. இன்னொரு தடவை. விழுந்ததிலிருந்து என் கைக்கு வராத அந்தச் சத்தம், நேராக அறுபடுகிற இரும்பின் சத்தம், வந்துவிட்டது. மேசைக்கடியில் கிடந்த என் இடது கை தன்பாட்டுக்கு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது.

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். எதிரே அவருடைய பழைய முக்காலியில் என் கணவர் வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் வழக்கம்போல முன்னால் நீண்டிருந்தன. பிடிக்க ஒன்றும் இல்லை. கையை மடியில் வைத்தார். அது சரியாக வரவில்லை, வைஸின் மேல் வைத்தார். அதுவும் சரியில்லை என்று அக்குளுக்குள் செருகிக்கொண்டார்.

“அப்ப எனக்கு இனி டீ போடற வேலதான்” என்றார் சிரித்தபடி.

இரண்டு வருடம் இந்த ஆளின் கையிலிருந்து தப்பிக்கத்தானே இத்தனை பாடுபட்டேன்? தப்பித்துவிட்டேன். முக்காலியில் அவர் அப்படி உட்கார்ந்திருப்பதை மட்டும் பார்க்க முடியவில்லை.

“ஏனுங்க, இந்தப் பக்கத்து அலகு சும்மா ஆடுது. கொஞ்சம் புடிங்க” என்றேன். கத்தரியின் நடு போல்டைக் கொஞ்சம் முடுக்கினால் அது ஆடாது. அது அவருக்கும் தெரியும்.

சட்டென்று பிடித்துக்கொண்டார். நான் அரத்தை எடுத்தேன். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

“அன்னிக்குப் பாரு, பனின்னா அப்படியொரு பனி...”

ஹெட்லைட் எரியவில்லை. கண்டக்டர் இறங்கினார். வெள்ளைத்துண்டு முன்னால் போயிற்று. மூன்றாவது கொண்டை ஊசி வந்தது, அவர் ஒடித்தார். தோள் திரும்பியது, முழங்கை திரும்பியது, முக்காலிகூடக் கொஞ்சம் திரும்பியது. வைஸ் கவ்வியிருந்த அலகு அசையவில்லை. என் அரம் நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ன, திட்டலியா?”

“சொல்லுங்க” என்றேன்.

நம்ப முடியாமல், மெதுவாக, பஸ்ஸை அந்த வளைவிலிருந்து வெளியே எடுத்தார்.

“நான் அந்த வெள்ளையவே பாத்துட்டுப் போறேன், போறேன், ரோடு மண்ணாயிருச்சு. ரெண்டு பக்கமும் செடி ஒரசுது. பாத்தா எஸ்டேட்டு எலை ரோடு. கண்டக்டரு எப்பவோ பின்னால ஏறிப் படுத்துட்டான். அப்ப முன்னால போறது ஆரு? ஆரன் அடிச்சேன். வெள்ளை திரும்புச்சு. ஒரு பொம்பள, சாக்கத் தலையில போட்டுட்டு நிக்கறா. பனீல மூஞ்சி தெரியல. இடுப்புல கைய வெச்சுட்டு என்ன கேட்டான்னு தெரியுமா?”

என் அரம் நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் உறுமிக்கொண்டு வந்த ஒற்றைக் கண் வண்டியும், பனி மூடிய கண்ணாடியும் அப்படியே ஞாபகம் வந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று, கல்யாணத்துக்கு முந்தைய அந்த நாளில், எனக்குத் தெரியவில்லை.

“‘பஸ்ஸும் எலை பறிக்க வருதா? மேஸ்திரிகிட்டச் சொல்லி அதுக்கும் ஒரு நிரை வாங்கித் தரட்டுமா?’ன்னு கேட்டாளா?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஷெட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த என் வெள்ளைச் சாக்கைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். பார்த்தபடியே இரண்டு கையையும் விட்டுவிட்டார்.

கத்தரி அசையவே இல்லை.